கைதட்டல் வாங்கிய பக்கவாதம்

ஓஹரிசிக்குப் பக்கவாதம் வந்தபோது கூடியிருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

சாபெலே என்ற எங்கள் ஆற்றோர ஊரில் தெருச் சங்கக் கூட்டம். சாக்கடை வெட்டுவது பற்றிப் பேச்சு. ஓஹரிசி எழுந்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டார், பேச ஆரம்பித்தார். மக்னானிமஸ் என்றார். இன்டிஃபாட்டிகபிள் என்றார். லுகூப்ரியஸ் என்பதை இழுத்து இழுத்து இரண்டு தரம் சொன்னார். சாக்கடை என்ற சொல் மட்டும் கடைசிவரை வரவில்லை. அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அவர் வாயிலிருந்து வருவது புரிய வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் எதிர்பார்த்ததில்லை. பெரிய இங்கிலீஷ் வார்த்தை ஒவ்வொன்றுக்கும் "கிராமர்! கிராமர்!" என்று கத்துவது வழக்கம். அன்றைக்கும் கத்தினார்கள்.

நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். அவர் தொப்பியை இடக்கையால் சரிசெய்ததைப் பார்த்தேன். வலக்கைக்காரர் அவர். பிறகு வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருப்பதைப் பார்த்தேன். குளிர்பானப் பாட்டிலை எடுக்கப் போன வலக்கை மேஜை விளிம்பில் இடித்து அப்படியே தொங்கியது. நான் எழுந்து முன்னால் போனேன்.

"நர்ஸம்மா, மனுஷன் பேசி முடிக்கட்டும். உக்காருங்க!" என்று பின்னாலிருந்து ஒருத்தன்.

"அவர் பேசல. யாராவது வண்டிய எடுங்க."

"பேசலையா? இதவிட நல்லா எப்பப் பேசியிருக்காரு?"

"ஓஹரிசி, ரெண்டு கையையும் தூக்குங்க," என்றேன். இடக்கை மட்டும் எழுந்தது. "சிரிங்க," என்றேன். பாதி முகம் சிரித்தது. அப்போதுதான் கைதட்டல் நின்றது. வண்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாமதிக்காமல் கொண்டுவந்ததால் உயிர் நின்றது, கால் ஓரளவு தேறியது. பேச்சுதான் மாட்டிக்கொண்டது.

அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று சொன்னால்தான் மாட்டிக்கொண்டது எதுவென்று விளங்கும்.

ஓஹரிசியின் அப்பா ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். ஒரு எல்லைத் தகராறில் வழக்கு நடந்தது. வக்கீல்கள் இங்கிலீஷில் ஏதோ கேட்டார்கள். அப்பாவுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. மரியாதைக்காகத் தலையாட்டினார். தலையாட்டி முடித்தபோது நிலம் பக்கத்து வீட்டுக்காரனுடையதாகிவிட்டது. ஓஹரிசி அப்போது கூடவே நின்றிருந்தார். இனித் தலையாட்டுவது நம் குடும்பம் இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவன்தான் என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டார்.

வளர்ந்ததும் ஒட்டுப்பலகை ஆலையில் வேலை. ஆற்றில் மிதந்து வரும் மரக்கட்டைகளை அளப்பார். விடுமுறை நாளில் மற்ற ஆண்கள் பந்தாட்டம் பார்க்கப் போவார்கள், இவர் கோர்ட்டுக்குப் போவார். பின்பெஞ்சில் உட்கார்ந்து வக்கீல்கள் வீசுகிற வார்த்தைகளைப் பொறுக்குவார். அங்கே வயதான மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். ஒரு பாட்டில் பனங்கள் கொடுத்தால் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்வார். அதற்கு மேல் கேட்டால் அடுத்த வாரம் வரச் சொல்வார்.

அந்த அர்த்தங்களை ஓஹரிசியே பிற்பாடு எனக்குச் சொல்லியிருக்கிறார். மக்னானிமஸ் என்றால் பெருந்தன்மை. உன் கோழியைத் திருடியவனைக் கூப்பிட்டு அந்தக் கோழிக் குழம்பிலேயே பங்கு கொடுப்பவன் என்று கிழவர் விளக்கினாராம். இன்டிஃபாட்டிகபிள் என்றால் சலிக்காதவன், மழைக்காலத் தவளை. லுகூப்ரியஸ் என்றால் துக்கம் வழிகிற முகம். முக்கியமாக, சாவு வீட்டில் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டவனின் முகம். பூசிலானிமஸ் என்றால் கோழை. மாமியார் முன்வாசலில் வந்தால் பின்வாசலில் போகிறவன். அப்ஸ்க்வாட்டுலேட் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் இடத்தைக் காலி செய்வது. பல்க்ரிட்யூட் என்றால் அழகு. அந்த ஒன்றுக்குக் கிழவரே இரண்டு பாட்டில் கேட்டாராம், நல்ல அர்த்தத்துக்கு இவ்வளவு கரடுமுரடான சத்தம் எங்கேயும் கிடைக்காது என்று.

அந்த வார்த்தையோடு அவர் நேராகச் சந்தைக்குப் போனார். அங்கே கம்ஃபர்ட் என்ற பெண் சுட்ட கெளுத்தி மீன் விற்றுக்கொண்டிருந்தாள். "உன் பல்க்ரிட்யூட் என்னைத் தூங்க விடல," என்றார். ஏதோ தோல் வியாதியைச் சொல்கிறான் என்று நினைத்து அவள் ஒரு மீனை எடுத்து அவர் முகத்தில் அடித்தாள். அடித்த மீனுக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார். மறு வாரமும் வந்தார். இப்படித்தான் அவர்கள் கல்யாணம்.

எங்கள் ஒக்பே குடும்பங்களில், பெரிய காரியம் எதுவானாலும் தலைவர் நேரடியாகப் பேசமாட்டார். அவருக்காகப் பேச ஒருவர் இருப்பார். ஒட்டோட்டா என்போம், குடும்பத்தின் வாய். பெண் கேட்டு வந்தாலும் பிணம் எடுத்தாலும் இந்தப் பக்கத்து வாயும் அந்தப் பக்கத்து வாயும்தான் மோதும். ஓஹரிசியின் சித்தப்பா ஒருவர் சாவில் எதிர்த்தரப்பு வாய் பெரிய இங்கிலீஷைக் கொட்ட, இந்தப் பக்கம் திணற, ஓஹரிசி எழுந்து அதைவிடப் பெரியதாகக் கொட்டினார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தலையாட்டினார்கள். அன்றிலிருந்து இவர்தான் குடும்பத்தின் வாய். எத்தனையோ அண்ணன் தம்பி மகள்களுக்காகப் பேசிவிட்டார். தன் ஒரே மகள் ஜிதேக்குப் பேச வேண்டிய நாளுக்காகக் காத்திருந்தார். அந்தக் கல்யாணம் டிசம்பருக்குக் குறித்தாகிவிட்டது. பக்கவாதம் மழைக்காலத்தின் நடுவில் வந்தது.

வீட்டில் மட்டும் அவருக்குப் பேச்சு குறைவு. கம்ஃபர்ட் சொல்வாள்: "ஊருக்கெல்லாம் மழையா பொழிவாரு. வீட்டுக்கு வந்தா சோறு, செருப்பு, விளக்க அணைங்கறது மூணுதான்."

அந்த மூன்றும்தான் போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பராமரிப்பை நான் எடுத்துக்கொண்டேன். பணி ஓய்வுக்குப் பிறகு என் வேலையே அது, படுக்கையில் விழுந்தவர்களைத் திரும்ப உட்காரவைப்பது. முதல் நாளே தெரிந்துவிட்டது. நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் விளங்குகிறது. பதில் சொல்ல வாய் திறந்தால் எங்கள் தாய்மொழி ஒக்பே வரவில்லை. தண்ணீர் என்ற சொல் இல்லை, மகள் பெயர் இல்லை. வருவதெல்லாம் மேடையில் ஆயிரம் தடவை சொன்ன அந்தப் பெரிய வார்த்தைகள். இதில் மாயம் எதுவும் இல்லை. பேச்சே போன நோயாளிகள் தேவாலயப் பாட்டை முழுசாகப் பாடி நான் கேட்டிருக்கிறேன். சொல்லிச் சொல்லித் தழும்பாகிப்போனது மூளையில் வேறு இடத்தில் தங்கிவிடும். அவருக்குத் தழும்பு இங்கிலீஷில் இருந்தது, அவ்வளவுதான்.

ஊருக்கு இது புரியவில்லை. பார்க்க வந்தவர்கள் வாசலில் மண்டியிட்டு "மிக்வோ" என்று கும்பிடு போட்டுவிட்டு, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். அவர் தலையணையில் சாய்ந்தபடி "இன்டிஃபாட்டிகபிள்" என்பார். "அடேயப்பா! பழையபடி ஆயிட்டாரே!" என்று வெளியே போய் நாலு பேருக்குச் சொல்வார்கள். தேறிவிட்ட ஆளுக்கு என்ன கொண்டுபோவது? செம்பனைப் பழச் சாற்றில் வைக்கும் பங்கா சூப்பும், மரவள்ளி மாவைக் களியாகக் கிண்டிய ஸ்டார்ச்சும்தான்.

ஸ்டார்ச்சை நான் முதல் நாளே தடைசெய்திருந்தேன். அது மெல்லுகிற உணவு இல்லை. உருட்டி அப்படியே விழுங்குவது. தொண்டைத் தசை ஒரு பக்கம் செத்திருக்கும்போது அது நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும்.

"அக்கா, ஸ்டார்ச் இல்லாம எங்க ஆளு உயிரோட இருக்கமாட்டாரு," என்றாள் கம்ஃபர்ட்.

"விழுங்கினாலும் இருக்கமாட்டாரு. கூழைக் கரைச்சுக் கொண்டா. தலையக் குனிஞ்சு நாடி நெஞ்சத் தொடணும், அப்புறம் விழுங்கணும். ஒவ்வொரு கரண்டிக்கும்."

ஒரு நாள் ஓஹரிசியின் சித்தப்பா மகன் டோபோரே ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஸ்டார்ச்சும் சூப்புமாக வந்தான். "அண்ணனுக்குப் பிடிக்கும்," என்றான். பாத்திரத்தை வாங்கி அவன் எதிரிலேயே உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். சமையல் நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்பினேன்.

பேச்சுக்கு நான் படித்த முறையில்தான் முயற்சி செய்தேன். தம்ளரைக் காட்டுவேன், "தண்ணி" என்பேன். அவர் வாயைப் பார்ப்பார், உதட்டைக் குவிப்பார், மூச்சை இழுப்பார். "லுகூப்ரியஸ்" என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும். முகம் சிவந்து நல்ல கையால் தம்ளரைத் தட்டிவிடுவார். நாள் கணக்கில் இதே கதை. தரை துடைத்துத் துடைத்துக் கம்ஃபர்டுக்கு அலுத்துப்போனது. ஒரு மதியம் துடைப்பத்தைத் தூக்கி எறிந்தாள்.

"சரி! லுகூப்ரியஸ்! வாய்க்கு அதுதானே வருது? இனி இந்த வீட்ல தண்ணிக்குப் பேரு லுகூப்ரியஸ். அக்கா, நீங்களும் அப்படியே கேளுங்க. ஜிதே, உனக்கும்தான். இந்தாய்யா, உன் லுகூப்ரியஸ். குடி!"

கோபத்தில் சொன்னதுதான். அவர் குடித்தார். ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைப் பார்த்தார். மாலையில் அவராகவே "லுகூப்ரியஸ்" என்று தம்ளரை நோக்கிக் கையை நீட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு அவர் கேட்டு வாங்கிக் குடித்த முதல் தண்ணீர் அது.

நான் இந்த முறையைப் படிக்கவில்லை. ஆனால் வேலை செய்கிற கருவி கிடைத்தால் எங்கே வாங்கினாய் என்று கேட்டுக்கொண்டிருப்பவள் இல்லை. உடனே மற்றவற்றையும் பிடித்தோம். தலையணையை நிமிர்த்த வேண்டுமென்றால் மக்னானிமஸ். ஒவ்வொரு முறை தலையணையைத் தொடும்போதும் சத்தமாகச் சொல்வோம், ஒட்டிக்கொள்ளும்வரை. நடைப்பயிற்சிக்கு இன்டிஃபாட்டிகபிள். மலம் கழிக்கப் பூசிலானிமஸ், பின்வாசல் பக்கம் போவது என்பதால் அது கொஞ்சம் பொருத்தமாகவும் இருந்தது. அப்ஸ்க்வாட்டுலேட்டை அவரே தேர்ந்தெடுத்தார். வந்தவர்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்து வம்பளந்தால் அவர் அதைச் சொல்வார். கம்ஃபர்ட் எழுந்து கதவைத் திறந்துவிடுவாள்.

"என்ன அண்ணி, அண்ணன் என்ன சொன்னாரு?"

"ரொம்ப சந்தோஷம், போய்ட்டு வாங்கன்னாரு."

பல்க்ரிட்யூட்டை நாங்கள் எதற்கும் வைக்கவில்லை. கம்ஃபர்ட் சந்தையிலிருந்து கூடையோடு உள்ளே நுழையும்போது அவராகச் சொல்வார். அது முன்பே ஆளோடு இருந்த வார்த்தை.

சந்தையில் அவளுக்கு இதனால் ஒரே கேலி. பக்கத்துக் கடைக்காரி கேட்டாளாம், "ஏண்டி, பள்ளிக்கூடமே போகாத நீ இப்ப லுகூப்ரியஸ்ங்கற?" "பள்ளிக்கூடம் எங்க வீட்ல படுத்திருக்கு. வேளா வேளைக்குக் கழுவி விடறேன்," என்றாளாம் இவள்.

மழை நின்று தூசிக்காற்று தொடங்கும்போது அவர் கோலூன்றி முற்றம்வரை நடந்தார். ஒக்பேயில் ஒன்றிரண்டு சொல்லும் எட்டிப் பார்த்தது. "இல்ல" வந்தது. "வா" வந்தது. டோபோரேயும் வந்தான், இம்முறை குடும்பத்து மூத்தவரைக் கூட்டிக்கொண்டு. வந்தவர்களுக்குக் கோலா கொட்டையும் பானமும் வைத்தோம். டோபோரே நேராக விஷயத்துக்கு வந்தான்.

"பெரியப்பா, அண்ணன் நல்லா இருக்கணும்னுதான் எல்லாருக்கும் ஆசை. ஆனா மாப்பிள்ளை பக்கம் யாரு பேசறா தெரியுமா? ஹெட்மாஸ்டர் எடாஃபே. நெசமான இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு. அண்ணன் என்னத்தையாவது சொல்லப்போய் மானம் போச்சுன்னா, பொண்ணுக்குத்தான் அசிங்கம். நான் பேசறேன்."

"உனக்கு என்ன பேச வரும் தம்பி?" என்றாள் கம்ஃபர்ட்.

"தமாஷ் பண்ணாதீங்க அண்ணி. குடும்பத்துக்கு வாய்னா பேசற வாயா இருக்கணும்."

"உன் வாய் பேசறதில்லடா, மெல்லுது. அந்தத் தட்டுல இருந்த கோலா எல்லாம் எங்க?"

மூத்தவர் சிரிக்கவில்லை. ஓஹரிசியைப் பார்த்தார். ஓஹரிசி நிமிர்ந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. வாய் எதையோ தேடியது.

"இல்ல," என்றார். டோபோரேயைப் பார்த்துச் சொன்னார். சாதாரண ஒக்பேயில், தெளிவாக.

அவரிடம் இருந்த ஒக்பேச் சொல் சில்லறையில் பாதியை அதற்குச் செலவழித்துவிட்டார். மூத்தவருக்கு அது போதவில்லை என்றாலும் ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. "இப்படிச் செய்வோம்," என்றார். "முதல் பேச்சை ஓஹரிசி பேசட்டும். அந்தப் பக்கம் ஏத்துக்கிட்டா அவனே கடைசிவரைக்கும். ஏத்துக்கலேன்னா டோபோரே எழுந்திருப்பான். அதுக்கப்புறம் வாய் டோபோரேயோடதுதான். கல்யாணத்துக்கு மட்டும் இல்ல, எல்லாத்துக்கும்."

எங்கள் வழக்கம் அதுதான். கைமாறிய வாய் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவர்கள் போனதும் ஓஹரிசி கோலை எடுத்து, "இன்டிஃபாட்டிகபிள்" என்றார். முற்றத்தைச் சுற்றி நடந்தோம். வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகம் நடந்தார். நான் தடுக்கவில்லை.

கல்யாண நாள் வந்தது. வீட்டின் முன்னால் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக வந்து மண்டியிட்டு "மிக்வோ" என்றார்கள். எங்கள் மூத்தவர் "வ்ரெண்டோ" சொல்லி எழுப்பினார். ஹெட்மாஸ்டர் எடாஃபே அவர்கள் பக்கம் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. இந்தப் பக்கம் ஓஹரிசி, இடுப்பில் சுற்றிய துணியும் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக. கம்ஃபர்ட் பெண்கள் வரிசையில், அவருக்குக் கைநீட்டும் தூரத்தில். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால், கால் மடங்கினால் பிடிக்க. டோபோரே ஒரு கால் முன்னால் வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

எடாஃபே எழுந்தார். தோட்டத்தில் ஒரு பூவைப் பார்த்தோம், பறிக்க அனுமதி கேட்க வந்தோம் என்று வழக்கமான பேச்சை நல்ல இங்கிலீஷில் அழகாகப் பேசி உட்கார்ந்தார். எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

ஓஹரிசி எழுந்தார். கோல் ஆடியது. பிறகு நின்றது.

"லுகூப்ரியஸ்!" என்றார்.

"கிராமர்!" என்று பந்தல் அதிர்ந்தது. பழைய ஆள் திரும்பிவிட்டார் என்ற குஷி. கைதட்டல். தட்டாதது ஹெட்மாஸ்டர் எடாஃபே மட்டும். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மன்னிக்கணும்யா," என்றார். "அது துக்க முகத்துக்குச் சொல்ற வார்த்தை. கல்யாணப் பந்தல்ல துக்கமா? எங்களைப் பாத்தா உங்களுக்கு எழவு வீடு மாதிரி இருக்கா? என்ன அர்த்தத்துல சொன்னீங்க, தயவு செஞ்சு சொல்லுங்க."

கைதட்டல் வடிந்துபோனது. இத்தனை வருஷத்தில் ஓஹரிசியிடம் அர்த்தம் கேட்ட முதல் மனிதர் அவர். ஓஹரிசியின் வாய் திறந்தது, மூடியது. டோபோரே பாதி எழுந்துவிட்டான்.

"தண்ணி," என்றாள் கம்ஃபர்ட்.

எல்லோரும் திரும்பினார்கள். பெண்கள் வரிசையிலிருந்து அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"உங்க புஸ்தகத்துல எப்படியோ, எங்க வீட்ல லுகூப்ரியஸ்னா தண்ணி. தூசியில அவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்கங்கறாரு. நீங்க என்னடான்னா அர்த்தம் கேக்கறீங்க. தாகம் இல்லையா?"

எங்கோ ஒருத்தி பக்கென்று சிரித்தாள். அம்மாவின் பக்கத்தில் இருந்த ஜிதே தன் தோழிகளைப் பார்த்துத் தலையசைக்க, தண்ணீர்த் தட்டு எதிர்த்தரப்புக்குப் போனது. எடாஃபே தம்ளரை வாங்கி, அதையும் ஓஹரிசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெரியப்பா, பொம்பளை எழுந்து..." என்று டோபோரே ஆரம்பித்தான்.

"உக்காருடா," என்றார் மூத்தவர். "வாய் அவனோடதுதான். அவ நம்ம காதுக்கு விளங்கச் சொல்றா."

ஓஹரிசிக்குத் தைரியம் வந்துவிட்டது. முதுகு நிமிர்ந்தது. "மக்னானிமஸ்," என்று எதிர் வரிசையைக் கோலால் சுற்றிக் காட்டினார்.

"முதுகுக்குத் தலகாணி," என்றாள் கம்ஃபர்ட். "நல்லா சாஞ்சு உக்காருங்க, இது உங்க வீடுன்னு சொல்றாரு."

இப்போது பந்தலே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி, "இந்த இங்கிலீஷ் எனக்குக்கூடப் புரியுதே!" என்று கத்தினாள். எடாஃபே சிரிக்கவில்லை, ஆனால் சாய்ந்து உட்கார்ந்தார். தண்ணீரைக் குடித்தார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார். அவர் கடமை அது.

"ஐயா, தண்ணி குடிச்சாச்சு. சாஞ்சும் உக்காந்தாச்சு. இதை மட்டும் உங்க வாயால கேக்கணும். இந்தப் பொண்ணை எங்களுக்குத் தர்றீங்களா?"

இதற்கு வீட்டில் வார்த்தை கிடையாது. தருகிறேன் என்பதற்கு நாங்கள் எதையும் ஒட்டவில்லை. கட்டிலில் கிடப்பவருக்கு அது தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கம்ஃபர்ட் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? அவர் வலது முழங்கைக்குக் கீழே என் கையைக் கொடுத்து நின்றேன்.

ஓஹரிசி ஜிதேயைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பெயரைத் தேடுகிறார் என்று தெரிந்தது. ஜி என்ற எழுத்துக்கு நாக்கு மேலே போனது, போய் அங்கேயே நின்றது. விட்டுவிட்டு மூச்சு வாங்கினார். கோலை என்னிடம் நீட்டினார். இடக்கையால் மகளின் கையைப் பிடித்தார்.

"பல்க்ரிட்யூட்," என்றார்.

எடாஃபே கம்ஃபர்ட் பக்கம் திரும்பினார்.

"இது என் பேரு," என்றாள் அவள். "கல்யாணத்துக்கு முந்தி எனக்கு வச்சது. வேற யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்ல. இப்ப அவளுக்குக் குடுக்கறாரு. வீட்ல இருக்கறதுலயே நல்லது அதுதான்."

ஓஹரிசி மகளின் கையை, எதிர் வரிசையிலிருந்து எழுந்து வந்த மாப்பிள்ளையின் கையில் வைத்தார். வைத்து அழுத்தினார். இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டி, பழைய மேடைக் குரலில் முழங்கினார்:

"அப்ஸ்க்வாட்டுலேட்!"

கம்ஃபர்ட் வாயைத் திறப்பதற்குள் ஹெட்மாஸ்டர் எடாஃபே எழுந்துவிட்டார். "இதுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம்மா! இது எனக்கே தெரியும். கூட்டிட்டுக் கிளம்புங்கறாரு!" என்று தன் ஆட்களைப் பார்த்தார். "ஏத்துக்கிட்டோம். இவருக்கு எதிரே நான் எத்தனையோ பந்தல்ல உக்காந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் தலையாட்டிட்டுத்தான் போவேன். சத்தியமா சொல்றேன், இவர் என்ன சொல்றாருன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சது."

டோபோரே உட்கார்ந்தான். யாரோ அவன் மடியில் ஒரு தட்டு சாப்பாட்டை வைத்தார்கள், அவன் சாப்பிட்டான். அவனும் கெட்டவன் இல்லை, அவசரக்காரன், அவ்வளவுதான்.

குடும்பத்தின் வாய் இன்றைக்கும் ஓஹரிசியுடையதுதான். காரியம் எங்கே நடந்தாலும் பக்கத்தில் கம்ஃபர்டுக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்கள். சில குடும்பங்களுக்கு இதில் வருத்தம் உண்டு. முன்பெல்லாம் புரியவில்லை என்று சாக்கு வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம், இப்போது முடிவதில்லை. ஸ்டார்ச்சை நான் இப்போது கோலிக்குண்டு அளவுக்கு அனுமதித்திருக்கிறேன். நாடி நெஞ்சைத் தொட வேண்டும், அப்புறம்தான் விழுங்க வேண்டும்.

போன மாதம் தெருச் சங்கக் கூட்டம். ஓஹரிசி எழுந்தார். பையன்கள் கிராமர் கத்தத் தயாராக இருந்தார்கள். அவர் கோலை ஊன்றி வெகுநேரம் நின்றார். கம்ஃபர்ட் குறுக்கே வரவில்லை, நானும் வரவில்லை.

"சாக்கடை," என்றார் ஒக்பேயில். கோலால் தெருவைக் காட்டினார். உட்கார்ந்துவிட்டார்.

யாரும் கை தட்டவில்லை. அந்த வாரமே மண்வெட்டிகள் வந்தன. தண்ணீர் இப்போது ஒழுங்காக ஆற்றுக்குப் போகிறது.